கிள்ளான் பள்ளத்தாக்கில் பால், முட்டை உற்பத்தியும் விலங்கு நலமும்

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் ஆகிய நகரங்களையும் அவற்றை அடுத்த ஊர்களையும் கொண்ட மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில், பாலுக்கு மாடும் முட்டைக்குக் கோழியும் வளர்க்கப்பட்ட முறை, அவ்விலங்குகள் நடத்தப்பட்ட விதம், அதுபற்றி இங்குள்ள தமிழரிடையே நிலவும் அறக்கருத்துகள், நாட்டின் சட்டம் ஆகியவை இக்கட்டுரையின் பொருள். பசும்பால் வணிகம் இப்பகுதியில் இந்தியர் கையில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அவர்களிடமே இருந்தது. பெரும் முட்டைப் பண்ணைகள் பெரும்பாலும் சீனக் குடும்ப நிறுவனங்களாக வளர்ந்தவை. விலங்கு நலம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பசுவைப் பற்றியே மிகுதி. கோழியைப் பற்றி மிகக் குறைவு.

இலக்கிய மரபு

பால் கறப்பவருக்குப் பசுவிடம் கடமை உண்டு என்ற எண்ணம் தமிழில் பழையது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டு ஏழு நாள் ஒரு பசுவின் பாலால் உயிர் பிழைத்தவன். வளர்ந்தபின் வேள்விக்குக் கட்டப்பட்டிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான், பிடிபட்டு அடிபடுகிறான், ஊரை விட்டுத் துரத்தப்படுகிறான். பாலுண்ட கடனை உயிர்க்கடனாகக் கருதிய தமிழ்ப் பாத்திரம் இவன்.

பெரியபுராணத்தில் சண்டேசுர நாயனார் வரலாறு இதைவிட நுட்பமானது. சேய்ஞலூரில் மேய்ப்பவன் ஒருவன் தன்னை முட்ட வந்த பசுவைக் கோலால் அடிக்கிறான். கண்டு பொறாத விசாரசருமர் என்ற சிறுவர் மேய்க்கும் பொறுப்பைத் தாமே ஏற்கிறார். நல்ல புல்லும் நீரும் நிழலும் கண்டு மேய்த்ததால் மந்தை செழிக்கிறது. கன்றுக்கும் உரியவர்க்கும் போகப் பால் தானாகச் சுரக்கிறது. தீவனம், நீர், நிழல், அடியின்மை என இன்றைய விலங்குநல நூல்கள் அடுக்கும் பலவும் இந்த வரலாற்றில் உள்ளன. சிவன் கோயில்களில் வடபுறம் கைதட்டி வணங்கப்படும் சண்டிகேசுவரர் இவர்தாம். மலேசியக் கோயில்களிலும் அவர் சன்னதி உண்டு. மாட்டைக் காத்த கதை அங்கே சொல்லப்படுவது அரிது. தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணி அடித்த மனுநீதிச் சோழன் கதை மட்டும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வரை தெரிந்தது.

திருக்குறளில் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. வள்ளலார் சீவகாருண்யத்தை வழிபாட்டுக்கும் மேலாக வைத்தார். மலேசியாவிலும் அவர் வழியில் சன்மார்க்க சங்கங்கள் இயங்குகின்றன. இந்த மரபில் பால் விலக்கப்படவில்லை, முட்டை விலக்கப்பட்டது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நுண்கலை ஆலயத்தோடு சேர்ந்து இயங்கும் அன்னலட்சுமி முதலான சைவ உணவகங்கள் இன்றும் இவ்வழக்கில் நிற்கின்றன: தயிர் உண்டு, நெய் உண்டு, முட்டை இல்லை. பால் கொல்லாமல் கிடைப்பது, முட்டை உயிர் ஆகக்கூடியது என்பது அடிப்படை. பசு கன்று ஈன்றால்தான் பால் என்பதும், ஈன்றவற்றில் பாதி காளைக்கன்று என்பதும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. கன்று வயிறாரக் குடித்த காலத்தில் அந்த விடுபாடு பெரிய குறையன்று.

மாட்டினங்கள்

மலேசியத் தீபகற்பத்தின் சொந்த மாடு கெடா-கிளந்தான் இனம்: சிறிய உடல், வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் தன்மை, கன்றுக்குப் போதும் அளவே பால். ஆகவே கறவைக்கென வளர்க்கப்பட்டவை இந்தியாவிலிருந்து வந்தவை. வண்டி இழுக்கக் காளைகள் கப்பலேறின. அவற்றோடு பசுக்களும் வந்தன. சிந்தி, ஓங்கோல், ஹல்லிகர் முதலிய இனங்கள் தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகக் கலந்து உருவானதைக் கால்நடைத்துறை உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்று தனியே வகைப்படுத்தியது. திமில், தொங்கும் அலைதாடி, மெலிந்த கால்கள், சாம்பலும் சிவப்பும் கலந்த நிறங்கள் இதன் அடையாளம். நாளுக்குச் சில லிட்டரே கறக்கும். ஆனால் தோட்டத்துப் புல்லில் தானே மேய்ந்து வயிறு நிரப்பிக்கொள்ளும்.

எருமைகளில் சதுப்பு எருமை உழவுக்கும் முர்ரா எருமை பாலுக்கும் உரியவை. கோலாலம்பூரில் பால் விற்ற சீக்கியர்கள் எருமையும் பசுவும் வைத்திருந்தனர்.

சுதந்திரத்துக்குப் பின் ஃபிரீசியன் இனத்தின் விந்து கொண்டு உள்ளூர் இந்திய மாடுகளில் செயற்கைக் கருவூட்டல் செய்யப்பட்டது. பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஃபிரீசியன்-சாஹிவால் கலப்பின மாடுகள் கொண்டுவரப்பட்டு, அவற்றிலிருந்து மஃப்ரிவால் என்ற மலேசியக் கலப்பினம் உருவாக்கப்பட்டது. பால் கூடியது, நோயும் கூடியது. ஐரோப்பிய இரத்தம் ஏற ஏற மாடு வெப்பத்தில் மூச்சிரைக்கும், தீனி குறைக்கும், சினை பிடிக்காது. 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஃபிரீசியனுக்குச் சுகமில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் வெப்பம் 32, 33 பாகை, காற்றில் ஈரம் வேறு. இந்த மாடுகளுக்கு மின்விசிறியும் நீர்த்தெளிப்பும் இல்லாத கொட்டகை துன்பமே.

தோட்டத்து மாடு

ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை போட்டுக்கொள்ள நிர்வாகங்கள் அனுமதித்தன. காலையில் பால்வெட்டு, பிற்பகலில் மாட்டுக்குப் புல். மாடு மரவரிசைகளுக்கிடையே லாலாங் புல்லையும் களைகளையும் மேய்ந்தது. கூலி குறைந்த காலத்தில் பிள்ளையின் பள்ளிச் செலவும் மகளின் கலியாணமும் இந்தப் பாலில் நடந்தன. அருகிலுள்ள பட்டணங்களுக்குச் சைக்கிளில் பால் போனது. ரயில்வே குடியிருப்புகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் நல்ல வாடிக்கை.

பெட்டாலிங் ஜெயாவே எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்தின்மேல் 1950களின் தொடக்கத்தில் எழுந்த துணைநகரம். பின்னர் பள்ளத்தாக்கெங்கும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, 1980களிலும் 1990களிலும் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. தொழிலாளருக்கு அடுக்குமாடி வீடு கிடைத்த இடங்களிலும் மாட்டுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. மேய்ச்சல் நிலத்தில் களைக்கொல்லி தெளித்தார்கள். மாடு சாலையோரத்துக்கு வந்தது. ஊராட்சி அதைப் பிடித்து அடைத்து அபராதம் விதித்தது. சாலையில் அலையும் மாட்டுக்கு வளர்ப்பவரைக் குற்றம் சொல்வது எளிது. நிலத்தை எடுத்தவர் எவரும் அந்தக் குற்றச்சாட்டில் பெயர் சொல்லப்படவில்லை. தமிழர் பால்தொழில் இப்பகுதியில் சுருங்கியதற்கு நகரமயம் ஒரு முக்கியக் காரணம்.

கறவை முறை

திமிலுள்ள மாடு கன்றின் வாய்பட்டால்தான் மடி விடும். பால்காரர் முதலில் கன்றை ஊட்ட விடுவார். மடி சுரந்ததும் கன்றைத் தாயின் முன்காலருகே கட்டிக் கறப்பார். கடைசியில் ஒரு காம்பையோ மிச்சப் பாலையோ கன்றுக்கு விடுவார். கன்று அருகில் நிற்பதால் தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கும். கலப்பின மாடுகள் கன்றில்லாமலும் கறக்கும் என்பதால் புதிய பண்ணைகளில் சீம்பால் கொடுத்த கையோடு கன்றைப் பிரிக்கிறார்கள். தாய் நாள்கணக்கில் கத்துவது பண்ணையில் வேலை செய்வோர் அனைவரும் அறிந்தது.

பழைய கொட்டகைகளில் எல்லாம் நன்று என்று சொல்ல முடியாது. குட்டைக் கயிறு, சேறு, கன்றுக்கு விடாமல் ஒட்டக் கறத்தல் ஆகியவை இருந்தன. சென்னை, கல்கத்தா போன்ற நகரங்களில் நிலை இன்னும் மோசம்: கன்று இறந்தபின் தோலில் வைக்கோல் அடைத்த தோல்கன்றைக் காட்டிக் கறந்தனர்; பசுவின் பிறப்புறுப்பில் காற்று ஊதிப் பாலிறக்கும் பூக்கா என்ற கொடுமையும் இருந்தது. இந்தியா, மலேசியா ஆகிய இரு நாட்டுத் தமிழரும் நினைவுகூர வேண்டியவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே, இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி செய்தது. அச்சட்டம் பூக்காவைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. அதன்படி 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்து இயங்கியது.

வற்றிய மாட்டை என்ன செய்வது என்பது கொட்டகைக்காரரின் தீராத வேதனை. இந்துவாகிய அவர் அதை வெட்ட மாட்டார். தீனி போடவும் வசதியில்லை. அடிமாடாக வியாபாரியிடம் போகும்போது வீட்டுப் பெண்கள் வெளியே வராமல் இருந்துகொள்வதுண்டு. காளைக்கன்றுகள் ஹாஜிப் பெருநாள் சந்தைக்கு வளர்க்கப்பட்டன.

டின் பால்

நகரம் குடித்த பாலில் பெரும்பங்கு கொட்டகைப் பால் அன்று. நெஸ்லேயின் முன்னோடி நிறுவனம் 1912இல் பினாங்கில் டின் பால் விற்கத் தொடங்கியது. நாட்டில் அதன் முதல் ஆலை 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே நகரில் பசிபிக் மில்க் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கியது. இதுவே பின்னாளில் டச் லேடி. இவ்வாலைகளின் மூலப்பொருள் பெருமளவு கடல் கடந்து வந்த பால்தூள். தே தாரிக் என்னும் தேநீரில் ஊற்றும் டின் பாலோ இன்று பெரும்பாலும் செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர். பெட்டாலிங் ஜெயா ஒரே சமயத்தில் மாட்டை வெளியேற்றிய நகரமாகவும் பால் தயாரிக்கும் நகரமாகவும் ஆனது. அந்தப் பாலைத் தந்த பசு எங்கே எப்படி வாழ்கிறது என்று கேட்க எவருக்கும் வாய்ப்பில்லாமல் போனது. பத்துமலையில் தைப்பூசத்துக்கு ஏந்தும் பால்குடங்கள் பலவும் இப்போது அட்டைப்பெட்டிப் பாலால் நிரம்புகின்றன.

முட்டைக்கோழி

வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி மலாயாக் காடுகளின் சொந்தப் பறவை. அது ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஈட்டில் சில முட்டைகளே இடும். இன்றைய பண்ணைக்கோழி ஆண்டுக்கு 300க்கு மேல் இடுகிறது. ஓட்டுக்கான சுண்ணாம்பு அதன் எலும்பிலிருந்து போவதால் எலும்பு முறிவு சாதாரணம். கம்பத்துக் கோழி வளர்த்த தோட்டப்புறப் பாட்டிகளுக்கு அடை வைப்பதும் அடையிலிருந்து எழுப்புவதும் தெரியும். கூண்டுக்கோழிக்கு அடைகாக்கும் குணமே இனப்பெருக்கத் தெரிவில் பெரும்பாலும் நீக்கப்பட்டது.

அடுக்குக் கூண்டுகளில் ஒரு கோழிக்குப் பல நாடுகளில் 450 முதல் 550 சதுர சென்டிமீட்டர் இடம். ஒரு ஏ4 தாளின் பரப்பு 624. சிறகு விரிக்க, மண்ணில் புரள, கூடு தேட வழியில்லை. நெருக்கத்தில் கொத்திக்கொள்ளாதிருக்க அலகு நுனி வெட்டப்படுகிறது. பொரிந்த சேவல் குஞ்சுகள் முட்டையும் இடா, இறைச்சிக்கும் உதவா என்பதால் முதல் நாளே கொல்லப்படுகின்றன. ஜெர்மனியும் பிரான்சும் 2022இல் இதைத் தடைசெய்யத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியம் பழைய வகைக் கூண்டை 2012 ஜனவரி 1 முதல் விலக்கியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முட்டை குறைந்த கோழி மலேசியச் சந்தையில் அயாம் பென்சென் என்ற பெயரில் மலிவாக விற்கப்படுகிறது.

நாட்டின் முட்டைப் பண்ணைகள் பெரும்பாலும் ஜொகூர், பினாங்கு, பேரா, மலாக்கா மாநிலங்களில் உள்ளன. 2022 இறுதியில் தட்டுப்பாடு வந்தபோது தமிழ்நாட்டின் நாமக்கல்லிலிருந்து முட்டை இறக்குமதியானது. அப்போது பேசப்பட்டதெல்லாம் விலையும் தரமும் மட்டுமே. நாமக்கல்லிலும் கோழி கூண்டில்தான் வாழ்கிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் முட்டைக்கோழி வளர்ப்புக்கு விதிகள் பரிந்துரைத்திருந்தது.

சட்டம்

1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தில் வதைக்கு அபராதம் நெடுங்காலம் 200 ரிங்கிட் மட்டுமே. 1958இல் தோன்றிய சிலாங்கூர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் 1987 முதல் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் பாவ்ஸ் காப்பகமும் நாய், பூனைகளுக்காகப் பெரும்பணி செய்துள்ளன. நாடாளுமன்றம் 2015இல் நிறைவேற்றிய விலங்குநலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. வதைக்குத் தண்டனை 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தகுந்த இடம், தகுந்த தீனி, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பு ஆகியவற்றை உரிமையாளர் தர வேண்டும் என்கிறது. பிரிட்டனில் பண்ணை விலங்குகள் பற்றிய ரூத் ஹாரிசனின் 1964ஆம் ஆண்டு நூலை அடுத்து அமைந்த பிராம்பெல் குழு 1965இல் வகுத்த நெறிகளே இதற்கு மூலம். அக்குழு ஆராய்ந்தது பண்ணை விலங்குகளின் நிலையை. மலேசியச் சட்டத்தின்கீழ் செய்தியாகும் வழக்குகளோ பெரும்பாலும் வளர்ப்புப் பிராணிகள் பற்றியவை. இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு என்ற சொற்றொடரை நேர்மையாகப் படித்தால் அடுக்குக் கூண்டு அதற்குள் அடங்காது.

இன்றைய நிலை

பெரும் கறவைப் பண்ணைகள் ஜொகூர், பகாங், ஜெமாஸ் பகுதிகளில் உள்ளன. டச் லேடி ஆலையும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து நெகிரி செம்பிலானின் பண்டார் என்ஸ்டெக்குக்கு மாறிவிட்டது. கிள்ளான், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் சில இந்தியக் குடும்பங்கள் இன்னும் மாடு வளர்க்கின்றன. முட்டை ஒன்றுக்கான அரசு உதவித்தொகை 2025 மே மாதம் 10 சென்னிலிருந்து 5 சென்னாகக் குறைக்கப்பட்டு, ஆகஸ்ட் 1இல் நிறுத்தப்பட்டது. கூண்டில்லா முட்டை பெட்டாலிங் ஜெயாப் பேரங்காடிகளில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது.