கடல் கடந்தோரின் ஊரும் பேரும்

பிதிர் தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினர் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தல் மரபு. பெயரறியாதார் செய்வது யாது?

1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையினின்று புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டாலில் இறங்கியோர் 1,52,000-க்கு மேற்பட்டவர். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவரே. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இட்டு, தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடற்றழும்பு ஈறாகக் கப்பற் பதிவேட்டில் வரைந்தனர். ஆளை விடாது பிடித்து வைக்கத் துரைத்தனத்தார் குறித்த தழும்பு, இன்று கொள்ளுப்பேரர்க்கு முன்னோரைக் காட்டுகின்றது!

ஆயினும், தமிழறியா எழுத்தர் கையில் ஊர்ப்பெயர்கள் சிதைந்தன. ஒரே பெயரினரும் பலர். ஆதலின் கல்லறையில் கண்ட பெயர் மட்டும் போதாது. மண, மரணப் பதிவுகளில் அவ்வெண் கிடைப்பின் ஊர் துலங்கும். ஊர் துலங்கின் குலதெய்வத்தின் சந்நிதிக்கும் வழி பிறக்கும்.