பாதிக்கப்பட்டவர் சாட்சியத்தின் எடை: புதுச்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சட்டம் வகுத்த அளவு

ஒரு குற்றத்தை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று இந்தியச் சட்டம் கேட்பதில்லை. 1872 சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 139ஆம் பிரிவு. வடிவேலு தேவர் வழக்கில், கொலையுண்டவரின் மனைவி ஒருவரது சாட்சியத்தை நம்பியே 1957இல் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையை உறுதிசெய்தது. முழுதும் நம்பத்தக்கவர், அறவே நம்பத்தகாதவர், நடுவில் நிற்பவர் எனச் சாட்சிகளை மூவகையாக்கி, மூன்றாமவருக்கு மட்டுமே வேறு சான்றின் துணை கேட்டது. பாலியல் வழக்குகளிலும் பாதிக்கப்பட்ட பெண்ணின் சொல் நம்பும்படி இருந்தால் அதுவே போதும் என்று 1996இல் குர்மீத் சிங் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆக, எடை பற்றிய சட்டத்தில் பெரிய குழப்பம் ஒன்றுமில்லை. சிக்கல் வேறிடத்தில்.

2. கூண்டில் கரைந்தது

புதுச்சேரிக்காரர்களுக்கு, சாட்சியம் கூண்டிலேயே கரைவதற்கான சான்று தங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே உண்டு. 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்டார். வழக்கை 2005இல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கு மாற்றியது. விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்ந்தனர். கொலையுண்டவரின் குடும்பத்தாரும் எதிரிகளை அடையாளம் காட்டவில்லை. 2013 நவம்பர் 27 அன்று 23 பேரும் விடுதலையாயினர்.

பிறழ்வது எப்படி நடக்கிறது? போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடுவதில்லை. அதை அப்படியே சான்றாகவும் கொள்ள முடியாது. முரண்பாட்டைக் காட்ட மட்டுமே பயன்படும். அரசு வழக்கறிஞர் அனுமதி பெற்று, தம் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்கிறார். வரி வரியாகப் படிக்கிறார். "அப்படிச் சொல்லவில்லை" என்ற ஒரே பதில். 83 முறை இது நடந்த பிறகு எந்த நீதிபதியாலும் தண்டிக்க இயலாது. தீர்ப்பைக் குறைசொல்வது வீண்.

3. தரப்பா, சாட்சியா?

புதுச்சேரியில் முன்பிருந்த பிரெஞ்சு முறையில் பாதிக்கப்பட்டவர் 'பார்த்தி சிவில்' என்ற பெயரில் வழக்கின் ஒரு தரப்பாகவே சேரலாம். தனக்கென வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், இழப்பீடு கேட்கலாம். ஆனால் தரப்பானவர் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல முடியாது. அங்கே 1963இல் இந்தியச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபின் இது தலைகீழானது: அவர் பிரமாணம் எடுப்பார், ஆனால் அரசுத் தரப்பின் முதல் சாட்சி ('அ.சா. 1') மட்டுமே. பாரம் முழுவதும் அவர் தலையில், வழக்கின் கடிவாளம் அரசின் கையில். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2009 திருத்தம் வாரிசுகளையும் 'பாதிக்கப்பட்டவர்' ஆக்கி மேல்முறையீட்டு உரிமை தந்தது. என் பார்வையில் அது பாதிக் கிணறுதான். மேல்முறையீட்டுக்கு முன்பே சாட்சியம் கரைந்துவிடுகிறதே.

4. வாச்சாத்தி

கரையாத சாட்சியமும் உண்டு. 1992 ஜூனில் தருமபுரி மாவட்ட வாச்சாத்தியில் வனத்துறையினரும் போலீசாரும் நடத்திய கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். எதிர்த்தரப்பு அரசு ஊழியர்கள். பாதிக்கப்பட்ட பெண்களோ ஏழை மலைவாழ் மக்கள். தீர்ப்பு வர 19 ஆண்டு ஆனது. 269 எதிரிகளில் 54 பேர் இடையில் இறந்தனர். மீதி 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் தனித்தனியாக நிற்கவில்லை. ஊரும் மலைவாழ் மக்கள் சங்கமும் பின்னால் நின்றன. சாட்சியத்தின் எடையைக் காத்தது அந்தத் துணை என்றே கருதுகிறேன்.

சங்கம் இல்லாதவருக்கு அந்த இடத்தில் அரசு நிற்க வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் மிரட்டலைக் கவனிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இழுபடும் வாய்தாவும், வெளியே நடக்கும் சமரசப் பேச்சும் அதன் பார்வைக்குள் சரியாக வருவதில்லை.