வீணையுடன் கடல் கடந்த இனாயத் கான்

1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரம் தோன்றுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, இந்திய வீணையை மேலைநாட்டு மேடைகளில் ஒலிக்கச் செய்த முஸ்லிம் கலைஞர் ஒருவர் உண்டு. பரோடாவில் 1882-இல் பிறந்த ஹஜ்ரத் இனாயத் கான் அவர். அன்னாரின் பாட்டனார் மௌலா பக்ஷ் தென்னகம் வந்து கர்நாடக இசை பயின்றவர். மைசூர் அரசவையில் சிறப்புப் பெற்றவர். அவர் மணந்த பெண்மணி திப்பு சுல்தானின் வழித்தோன்றல் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

இனாயத் கான் ஹைதராபாத்தில் சிஷ்திய்யா தரீக்காவின் ஷெய்கு சையிது அபூ ஹாஷிம் மதனீயிடம் பைஅத் பெற்றார். இசையால் கிழக்கையும் மேற்கையும் இணைக்குமாறு ஷெய்கு பணித்திருந்தார். 1910 செப்டம்பர் 13 அன்று தம்பி மஹ்பூப் கானுடனும் உறவினர் முஹம்மது அலீ கானுடனும் பம்பாயில் கப்பலேறினார்.

அமெரிக்காவில் பிழைப்புக்காக ரூத் செயின்ட் டெனிஸ் என்னும் நடனக் கலைஞரின் நிகழ்ச்சிகளில் வாசிக்க நேர்ந்தது. இசையை வழிபாடாகக் கருதியவருக்கு, அவையோர் அதனைக் கீழ்த்திசை வேடிக்கையாகக் கண்டது வேதனையளித்தது. பின்னர் இலண்டன், மாஸ்கோ, பாரிஸ். சொற்பொழிவுகள் பெருகப் பெருக வாசிப்பு அருகியது. இறுதியில் வீணையையே விட்டார்.

ஸமாஉ பற்றி இமாம் கஸ்ஸாலீ இஹ்யாவில் தனிப் பகுதியே வகுத்தார். அவ்விவாதம் இன்றும் தீரவில்லை. அன்னாரின் சமயங்கடந்த சூஃபித்துவத்தில் நாம் உடன்படாதன உண்டு. ஆயினும் அதன்பொருட்டு அன்னாரின் இசையையும் மறந்தது நம் குறையே.

1927-இல் வஃபாத்தான அன்னார் தில்லி நிஜாமுத்தீனில் அடங்கியுள்ளார். 1909-இல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த இசைத்தட்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றில் ஒலிப்பது, மேலைநாடு செல்லாத 27 வயது இளைஞரின் குரல்.