அபோனி சொன்ன யோசனை

1918-இல் பெர்லினில் நால்வர் மட்டும் ஆடிய செஸ் போட்டி. முதல் சுற்றிலேயே மிலன் விட்மருக்குக் கறுப்புக் காய். எதிரே அகிபா ருபின்ஸ்டைன். பொறுமையாக நெருக்கியே ஆளைச் சாய்ப்பவர் அவர். விட்மரோ தொழிலால் மின்பொறியாளர். என்ன ஆடுவதென்று புரியாமல் நண்பர் இஷ்ட்வான் அபோனியிடம் யோசனை கேட்டார்.

அபோனி எடுத்துக் கொடுத்தது தம் ஊர்ச் சரக்கு. 1896-லேயே புடாபெஸ்ட்டில் ஆட்லர் என்பவரிடம் ஹங்கேரி ஆட்டக்காரர் மரோட்சி ஆடிய வழி அது. ஆட்லர் பெரிய ஆட்டக்காரர் இல்லை என்பதால் வெளியூரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அபோனி, பராஸ், பிரேயர் என்ற உள்ளூர் ஆட்டக்காரர்கள் மூவரும்தான் அதைத் தட்டிக்கொட்டிச் சீராக்கினார்கள்.

வெள்ளை டி4, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளை சி4. உடனே கறுப்பு தன் சிப்பாயை இ5-இல் கொண்டுபோய் வைக்கிறது, வெட்டிக்கொள் என்று. வெட்டினால் குதிரை ஜி4-க்குத் தாவிக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கும். வெள்ளை மந்திரி எஃப்4-இல் நின்று சிப்பாயைக் காத்தால், அடுத்த குதிரை சி6-க்கு வரும், மந்திரி பி4-இல் செக் வைக்கும், ராணி இ7-இல் நிற்கும். இரண்டு குதிரைக்கும் ராணிக்கும் குறி ஒன்றே: இ5. இதில் நெட்டுருப் போட என்ன இருக்கிறது?

விட்மர் இதையே ஆட, ருபின்ஸ்டைன் 24 நகர்வில் தோற்றார். மற்ற இருவரும் அதையே ஆட, மீசஸிடமும் தோற்று, ஷ்லெக்டரிடம் டிரா செய்தார். போட்டியை வென்றவர் விட்மர். சிப்பாயைப் பணயம் வைக்கும் இந்தத் தொடக்கத்தின் புடாபெஸ்ட் கேம்பிட் என்ற பெயரை உலகம் மதிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

1925-இல் வியன்னாவில் கீனிங்கர் என்ற ஆட்டக்காரர் இதே வழியில் ஒரு பொறி வைத்தார். செக்கைத் தடுக்க வெள்ளை பி1 குதிரையை டி2-க்குக் கொண்டுவந்து, பிறகு ஏ3 தள்ளி மந்திரியை மிரட்டுகிறது. கறுப்பு அந்த மிரட்டலைச் சட்டை செய்யாமல் ஜி4 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை ஆசைப்பட்டு மந்திரியை எடுத்தால், அந்தக் குதிரை டி3-இல் போய் உட்காரும். மேட்! இ2 சிப்பாயால் அதை வெட்ட முடியாது. நகர்ந்தால் கறுப்பு ராணியின் பார்வை நேரே ராஜாமேல் விழும். ராஜா ஒதுங்கவும் வழியில்லை, சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

தேர்ந்த கிராண்ட்மாஸ்டர்கள் இதில் விழமாட்டார்கள். சிப்பாயைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் மேலான நிலையில் ஆடுவார்கள். பள்ளிப் போட்டிக்கும் மாலை நேர கிளப் ஆட்டத்துக்கும் இது தாராளமாகப் போதும். ஒன்று மட்டும்: எதிராளியின் கை உங்கள் மந்திரியை நோக்கி நீளும்போது முகத்தில் எதையும் காட்டிவிடாதீர்கள்.