அல்லிராணி கோட்டையும் ஓநாய்க் காதலனும்

அரிப்புக் கரையில், கடல் அரித்துக்கொண்டிருக்கும் செம்மண் மேட்டின் மேல் ஒரு இடிபாடு நிற்கிறது. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் காலத்தில் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அது. அதன் கிரேக்கப் பாணித் தூண்களை வைத்து ஆங்கில நூல்கள் அதை 'டோரிக்' என்று அழைக்கின்றன. ஊரில் போய் டோரிக் எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். அல்லிராணி கோட்டை என்றால் சின்னப் பிள்ளையும் கை நீட்டும்.

வெள்ளைக்கார ஆளுநரின் விடுதிக்கு நாட்டார் கதை அரசி ஒருத்தியின் பெயர் வந்ததற்கு முத்துத்தான் காரணம் என்று நினைக்கிறேன். இந்தக் கரையையும் தெற்கே குதிரைமலையையும் அல்லி ஆண்டாள், முத்துச் சலாபம் அவளுடையது என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. வரலாற்று ஆசிரியர்கள் ஒப்பமாட்டார்கள். ஒப்பத் தேவையும் இல்லை. கதை கட்டிடத்தை விடப் பழையது, கட்டிடம் கடலுக்குள் போன பிறகும் இருக்கப்போவது.

அந்தக் கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் கைபேசி. மன்னார்த் தீவிலும் முசலிப் பக்கமும் உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளைகளோடு சில மாதங்களாக வாசிப்பைப் பற்றிக் கதைத்து வருகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று பெரியவர்கள் சொல்வது பிழை. இரவு ஒரு மணிவரை வாசிக்கிறார்கள். வாசிப்பது என்ன என்பதுதான் வீட்டுக்குத் தெரியாது.

அவர்கள் வாசிப்பதில் பெரும்பங்கு ஒரே வகைக் கதை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி புது ஊருக்கு வருகிறாள். அங்கே ஒருவன் இருக்கிறான். அவன் முழு மனிதன் இல்லை: இரத்தக்காட்டேரி, ஓநாயாக உருமாறுகிறவன், விழுந்த தேவதூதன், சில கதைகளில் ஜின். அவர்கள் இருவரும் பிறக்குமுன்பே ஒருவருக்கொருவர் விதிக்கப்பட்டவர்கள். அவன் அவளைக் கண்டவுடன், ஓநாய்க் கதையென்றால் மணத்தை வைத்தே, அறிந்துகொள்கிறான். அவளுக்கு விளங்கப் பாதிக் கதை போகும். உலகத்துக்கு ஆபத்தானவன் அவளுக்கு மட்டும் காவல். ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' 2005இல் வெளிவந்து இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பியது. 2006இல் ரொறன்ரோவில் தொடங்கிய வாட்பேட் செயலி, யாரும் எழுதலாம் யாரும் வாசிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு அதே வேலையைச் செய்தது. அதற்கு முன்பே ரமணிசந்திரன் நாவல்கள் நூலகங்களில் அட்டை கிழியக் கிழியக் கைமாறின. அவற்றில் ஓநாய் இல்லை. ஆனாலும் கோபக்கார நாயகன், அவனுக்கென்றே பிறந்த பொறுமைசாலி நாயகி என்ற அச்சு தமிழுக்கு அப்போதே பழகிவிட்டது.

இதை மேற்கில் இருந்து வந்த குப்பை என்று தள்ளுகிறவர்களுக்கு அல்லியை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

'அல்லி அரசாணி மாலை' புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் நாட்டார் கதைப்பாடல். புகழேந்தி எழுதியதல்ல, பின்வந்த மக்கள் ஆக்கம் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. பெரிய எழுத்துப் பதிப்பாகச் சந்தைகளில் விற்கப்பட்டு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்ட கதை. அல்லி பாண்டிய நாட்டை ஆள்கிறாள். படை அவளுடையது. ஆண் வாடையே வேண்டாம் என்று இருக்கிறாள். 'அல்லி ராச்சியம்' என்று இன்றும் வீடுகளில் சொல்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான். அர்ச்சுனன் அவள்மேல் ஆசைப்படுகிறான். நேரே கேட்டால் தலை போகும். கிருஷ்ணன் பாம்பாட்டியாக வருகிறான், அர்ச்சுனன் பாம்பாகிறான். பாம்பின் அழகில் மயங்கி அதை அல்லி தன் பள்ளியறையில் வைத்துக்கொள்கிறாள். நள்ளிரவில் பாம்பு மனிதனாகிறது. அவள் நித்திரையில் இருக்கும்போதே தாலி கட்டிவிடுகிறான்.

விடிய எழும்பியவள் கொதிக்கிறாள், படை திரட்டுகிறாள். ஆனால் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. கதை அந்த இடத்திலிருந்து அவளை மனைவியாக்கும் வேலையில் இறங்கி, புலந்திரன் என்ற மகன் பிறப்பதுவரை கொண்டுபோகிறது.

உருமாறும் காதலன், நித்திரையாகக் கிடக்கும் பெண், அவளுக்குத் தெரியாமல் முடிவாகிவிட்ட பிணைப்பு. 'ட்வைலைட்' நாயகன் எட்வர்டும் பெல்லா நித்திரை கொள்ளும்போது இரவில் அவள் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பவன்தான். அவளுக்கு அது தெரியாது. தெரிந்த பிறகு அவள் அதைக் காதலாகவே எடுத்துக்கொள்கிறாள். இரண்டு கதைகளுக்கும் நடுவில் சில நூற்றாண்டுகளும் ஒரு பெருங்கடலும் இருக்கின்றன. அடிப்படைக் கேள்வி ஒன்றே: விதி முடித்துவிட்டது என்றால் அவளைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

கேட்கத் தேவையில்லை என்பது இன்றைய தமிழ்த் தொடர்கதைகளிலும் தாராளமாகக் கிடைக்கும் பதில். கட்டாயத் தாலிக் கதை என்று தனிப் பிரிவே உண்டு. கடத்தல், மிரட்டல், கன்னத்தில் அறை எல்லாம் முதல் பத்து அத்தியாயத்துக்குள் வரும். இருபதாம் அத்தியாயத்தில் அவனுடைய சிறுவயதுத் துயரம் சொல்லப்படும். அதோடு கணக்கு நேராகிவிடும். ஊடகக் கற்கை படித்தபோது வாசகரை ஏமாளி என்று நினைக்காதே என்று சொல்லித் தந்தார்கள். அது சரியென்று இந்தப் பிள்ளைகளோடு கதைத்தபோது மீண்டும் பட்டது. கதையில் வருகிறவனைப் போல ஒருவன் பேருந்து நிலையத்தில் பின்னால் வந்தால் செருப்பைக் கழற்றுவோம் என்று இரண்டு பேர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். மூன்றாமவள் சிரிக்கவில்லை. தன்னைத் தேடி வீட்டுவரை வருகிறவன் ஒருவன் இருப்பதாகவும், அது அன்பா தொந்தரவா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் சொன்னாள். இந்தக் கட்டுரை அவளுக்காகவும் எழுதப்படுகிறது.

தமிழ் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதிலைத்தான் வைத்திருக்கிறது என்று யாரும் நினைக்கக் கூடாது. தொல்காப்பியத்தின் களவியல், தலைவனும் தலைவியும் சந்திப்பதை ஊழின் ஆணை என்றுதான் சொல்கிறது. ஆனால் அங்கே சந்திக்க வைப்பதோடு ஊழின் வேலை முடிகிறது. அதன் பிறகு இருவர் மனமும் இசைய வேண்டும், தோழி இருக்கிறாள், தலைவி மறுக்கலாம், ஊடலாம்.

மணிமேகலையோ இன்னும் ஒரு படி மேலே போனவள். சோழ இளவரசன் உதயகுமரன் அவளை விடாமல் பின்தொடர்கிறான். மணிமேகலா தெய்வம் அவளை நித்திரையிலேயே தூக்கி மணிபல்லவத் தீவில் விடுகிறது. அந்தத் தீவை எங்கள் நயினாதீவு என்று கொள்வோர் பலர். அங்கே புத்தபீடிகையைக் கண்டதும் அவளுக்குப் போன பிறப்பு தெரிகிறது: அவள் இலக்குமி, அவளுடைய கணவன் இராகுலன், அவன் நஞ்சுப் பாம்பால் இறந்தான், அவன்தான் இப்போது உதயகுமரன். இதைவிடப் பலமான 'விதித்த துணை' எந்த ஓநாய்க் கதையிலும் இல்லை. அவளுக்கு அவன்மேல் மனம் இளகுகிறது, அதைக் காவியம் மறைக்கவில்லை. ஆனாலும் அவனிடம் போகவில்லை. அமுதசுரபியை வாங்கிக்கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போடப் போகிறாள். பழைய பந்தம் உண்மை, அதற்காக இந்தப் பிறப்பைக் கொடுக்கத் தேவையில்லை என்பது அவள் எடுத்த முடிவு. உதயகுமரன் விடாமல் தொடர்கிறான், கடைசியில் விஞ்சையன் காஞ்சனனின் வாளுக்கு இரையாகிறான்.

மன்னார் கத்தோலிக்கர் அதிகம் வாழும் மாவட்டம் என்பதால் இன்னொரு நூலையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கரின் விவிலியத்தில் உள்ள தோபித்து நூல், பேய், தேவதூதன், விதிக்கப்பட்ட துணை எல்லாம் உள்ள இளவயதுக் காதல் கதை. சீர்திருத்தச் சபைகளின் விவிலியத்தில் இது சேராது. சாராவுக்கு ஏழு முறை மணம் முடித்தாயிற்று. ஏழு மணமகன்களையும் முதலிரவிலேயே அசுமதேயு என்ற பேய் கொன்றுவிட்டது. வேலைக்காரி வரைக்கும் அவளைப் பழிக்கிறாள். அவள் சாக நினைக்கிறாள். இளைஞன் தோபியா பயணம் வருகிறான். வழித்துணையாக வருபவர் வானதூதர் இரபேல், அது அவனுக்குத் தெரியாது. ஆற்றில் ஒரு பெரிய மீன் பாய்கிறது. அதைப் பிடித்து ஈரலையும் இதயத்தையும் எடுத்து வைக்கச் சொல்கிறார். மணவறையில் அவற்றைத் தணலில் இட, அந்தப் புகைக்குப் பேய் எகிப்துவரை ஓடுகிறது. மீன் கருகும் மணத்துக்குப் பேயும் நிற்காது என்பது எங்கள் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சாரா உனக்கென்று முன்னமே குறிக்கப்பட்டவள் என்று இரபேல் தோபியாவிடம் சொல்கிறார். அப்படிச் சொன்ன பிறகும் தோபியா அவளை எழுப்பி, இருவரும் சேர்ந்து செபிக்கிறார்கள். அந்தச் செபம் இன்றும் கத்தோலிக்கத் திருமணத் திருப்பலியில் தெரிவு செய்யக்கூடிய வாசகங்களில் ஒன்று. நித்திரையில் தாலி கட்டும் கதையோடு இதை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு இந்த நூலில் மனம் தங்கும் இடம் வேறு. தோபியாவின் தகப்பன் தோபித்து நினிவேக்கு நாடுகடத்தப்பட்டவர். மன்னன் கொன்று வீசிய தன் இனத்தவரின் உடல்களைக் களவாக எடுத்து அடக்கம் செய்கிறார். காட்டிக்கொடுக்கப்படுகிறார், சொத்துப் பறிபோகிறது, ஒளிந்து வாழ்கிறார். பெண்ணின் தகப்பன் இரகுவேலோ, எட்டாவது மருமகனும் செத்திருப்பான் என்று இரவோடு இரவாகக் குழி வெட்டுகிறார். அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும், விடியுமுன் அந்தக் குழியை மூடச் சொல்கிறார். வெட்டிய குழியை மூடக் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது 2009ஐக் கடந்து வந்த வாசகர்களுக்குத் தெரியும்.

போர் எங்களுக்கும் விதித்த துணைகளைத் தந்தது. 2006இலிருந்து வன்னியில், வீட்டுக்கு ஒருவர் என்ற ஆட்சேர்ப்பு இறுகியபோது, முடித்தவர்களைக் கொண்டுபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிள்ளைகளுக்கு அவசரமாக மணம் செய்துவைத்தார்கள். மாந்தை மேற்கிலிருந்தும் மடுப் பக்கத்திலிருந்தும் இடம்பெயர்ந்து போன குடும்பங்களும் அதில் அடக்கம். பதினைந்து, பதினாறு வயது. பொருத்தம் பார்க்க நேரமில்லை, பதிவு செய்ய அலுவலகமில்லை. அந்தச் சோடிகளில் சிலர் இன்றும் நல்லாக இருக்கிறார்கள். சிலரை முகாமிலேயே கணவன் விட்டுப்போனான். சிலரின் கணவன் காணாமல் ஆக்கப்பட்டான். அப்படியான ஒரு அக்காவின் மகள்தான் மேலே நான் சொன்ன மூன்றாமவள். தாய் மகளுக்குச் சொல்வது, துணை என்பது விதிப்படி அமைவது, வந்ததைத் தள்ளக்கூடாது என்பதே. கதைச் செயலியும் அதையேதான் சொல்கிறது. இரண்டு பக்கமும் ஒரே குரல் வரும்போது பிள்ளை எங்கே போவாள்?

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. திரும்பி வராதவனுக்காகக் காத்திருப்பவளுக்கு விதி என்ற சொல் ஒரு ஊன்றுகோல். 'இறந்தார்' என்று எழுதாமல், காணப்படவில்லை என்று மட்டும் எழுதித்தரும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இடம் கொடுத்தது. அதைக்கூட வாங்க மறுத்த மனைவிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய காத்திருப்பை எந்தக் காதல் கதையோடும் ஒப்பிட எனக்குத் துணிவில்லை. ஆனால் தாயின் ஊன்றுகோல் மகளின் காலில் விலங்காகக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் பொதுச் சட்டத்தில் 1995இலிருந்து திருமணத்துக்குக் குறைந்த வயது 18, ஆணுக்கும் பெண்ணுக்கும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் அப்படியான வயதெல்லை எழுதப்படவில்லை, மணப்பெண்ணின் கையெழுத்தும் கட்டாயமாக்கப்படவில்லை. இதை மாற்றக் கோரி நீண்ட காலமாகப் போராடிவருகிறவர்கள் முஸ்லிம் பெண்களே. யாராவது ஒருவர் தொடர்ந்து பின்னால் வந்தால் பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவு இருக்கிறது. சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்கள் இருக்கின்றன.

செயலியை அழி, கைபேசியைப் பறி என்று நான் சொல்ல வரவில்லை. பறித்தால் ரியூசனுக்குப் போகும் வழியில் சிநேகிதியின் கைபேசியில் வாசிப்பாள். நானும் அவள் வயதில் பாடப்புத்தகத்துக்குள் வைத்து நாவல் வாசித்தவள்தான். பள்ளிக்கூட நூலகத்தில் மணிமேகலையின் கதை எளிய உரைநடையில் இருக்கட்டும், தோபித்தை மறைக்கல்வியில் கதையாகச் சொல்லட்டும், அல்லியையும் முழுதாகச் சொல்லட்டும்.

முழுதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். தாலி கட்டியதோடு அர்ச்சுனனின் கதை நின்றுவிடவில்லை. மகன் புலந்திரன் பவளத் தேர் கேட்டு அழ, அதைத் தேடிப் போன இடத்தில் பவளக்கொடி என்ற இன்னொரு அரசியை அர்ச்சுனன் பிடித்துக்கொள்கிறான். 'பவளக்கொடி மாலை' தனிக் கதையாக ஓடி நாடகமாகி, 1934இல் தியாகராஜ பாகவதரின் முதல் படமுமானது. பிறக்குமுன்பே விதித்த துணை என்று நம்பினால் அல்லிக்குக் கிடைத்தது இதுதான். அவள் மறுபடியும் படை திரட்டினாள்.

இந்தப் பின்கதையை அரிப்பில் வைத்து அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அவள் முன்பு கேட்டிருக்கவில்லை. இப்போது அவள் கைபேசியில் தானே ஒரு தொடர் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்த அத்தியாயத்தில் பாம்பாட்டி கூடையோடு கோட்டை வாசலில் நிற்கிறான், காவல்காரிகள் கூடையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள்.