மண்ணெண்ணெயும் சிற்றெஞ்சினும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று பெயர் பெற்றது மாரியில் மாத்திரம் ஓடிக் கோடையில் வறண்டுவிடும். ஆகவே சுன்னாகத்தைச் சூழ்ந்த செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தது கிணற்று நீரினாலேயாம். அந்நீரை மேலே கொணர்ந்தது துலா. ஒருவர் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடப்பார். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைத் தாழ்த்தி நீரை முகந்து ஊற்றுவார். மூன்றாமவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். கால் தவறினால் உயிருக்கு ஆபத்தான தொழில் அது.

1950களில் இந்தக் கிணற்றடிகளுக்குச் சிறிய எஞ்சின் வரத் தொடங்கிற்று. வில்லியர்ஸ் முதலிய ஆங்கிலக் கம்பனிகள் செய்த அவ்விறைப்பு இயந்திரங்களை இருவர் தூக்கிச் சென்று கிணற்றருகே வைத்துவிடலாம். மூவர் செய்த வேலையை அது இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட, துலா மரங்கள் மெல்ல மெல்ல விறகாயின. இம்மாற்றத்தைப் பற்றி எழுதியவர்கள் உழைப்பு மிச்சமானதையும், கிணற்று நீர் விரைந்து குறைந்ததையும் எடுத்துரைத்திருக்கிறார்கள். ஆயினும் அந்த எஞ்சின் கமக்காரருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றும் உண்டு. அதனை எவரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

அவ்வெஞ்சின் இரண்டு எரிபொருள்களை வேண்டி நின்றது. புறப்படும்போது சிறிதளவு பெற்றோல். உடல் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய். கயிற்றைச் சுற்றி இழுத்து எஞ்சினை முடுக்கி, சில நிமிடம் பெற்றோலில் ஓடவிட்டு, பின்பு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயை விடுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புவோரும் உண்டு. அடுத்த நாட் காலை காபுரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கி நின்றால் எஞ்சின் எளிதில் எழாது. இங்கிலாந்தில் 1949இல் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திர வகை ஒன்றும் இம்முறையிலேயே, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடிற்று.

காரணம் எளியது. பெற்றோலின் இலேசான பகுதிகள் ஏறக்குறைய 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கோ 150 பாகை அளவு வெப்பம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, துளியாகவே நிற்கும். துளியை மின்பொறி எளிதில் பற்றவைக்க முடியாது. முதற் சூட்டை உண்டாக்க வேறொரு துணை வேண்டும். அது கிடைத்துவிட்டால் பின்னர் மண்ணெண்ணெய் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும்.

இதே சிக்கலைத் தோட்டத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாத வேறொரு கூட்டத்தாரும் எதிர்கொண்டனர். அவர்கள் மாதிரி விமானம் செய்து பறக்கவிடும் பொழுதுபோக்கினர்.

மாதிரி விமானத்தைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிடுதல் தவறு. மனிதன் ஏறிப் பறப்பதற்கு முன் மாதிரியே பறந்தது. 1871இல் பாரிசு நகரின் துய்லரி பூங்காவில், அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் முறுக்கிய இறப்பர் நாடாவின் விசையால் இயங்கிய சிறு விமானமொன்றை 11 செக்கன்களில் ஏறக்குறைய 40 மீற்றர் பறக்கச் செய்தார். அவருடைய முறையைப் பின்பற்றிய விளையாட்டுப் பொருளொன்றைத் தந்தையிடமிருந்து பெற்ற சிறுவர் இருவரே பிற்காலத்து றைட் சகோதரர்கள். 1896இல் அமெரிக்கரான லாங்லி நீராவியால் இயங்கிய மாதிரியொன்றைப் பொற்றோமாக்கு ஆற்றின்மேல் ஒரு கிலோமீற்றர் வரை பறக்கவிட்டார். 1930களில் பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் உள்ளங்கையில் அடங்கும் பெற்றோல் எஞ்சின் ஒன்றைச் செய்து, இப்பொழுதுபோக்கின் போக்கையே மாற்றினார். ஆனால் அதற்கு மின்பொறி வேண்டும். மின்பொறிக்குப் பற்றரியும் கம்பிச் சுருளும் வேண்டும். கடுதாசிச் சிறகு தாங்க வேண்டிய சுமை அதிகமாயிற்று.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுவிற்சர்லாந்தில் ஒரு மாற்று வழி தோன்றிற்று. மின்பொறியை முற்றாக நீக்கி, டீசல் எஞ்சினிற்போலக் காற்றை நெருக்கிப் பிறக்கும் வெப்பத்தினாலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் சிற்றெஞ்சின் அது. 1946இல் இங்கிலாந்தில் வெளிவந்த மில்ஸ் எஞ்சின் இவ்வகையில் பெயர்பெற்றது. அதன் கொள்ளளவு 1.3 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. இவற்றின் எரிபொருளை ஆர்வலர் தாமே கலந்துகொண்டனர். மண்ணெண்ணெய் ஒரு பங்கு, ஆமணக்கெண்ணெய் ஒரு பங்கு, ஈதர் ஒரு பங்கு. மண்ணெண்ணெய் ஆற்றலைத் தரும்; ஆமணக்கெண்ணெய் பிஸ்ரனை வழுக்கவைக்கும். ஈதரோ ஏறக்குறைய 160 பாகையிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. மண்ணெண்ணெய்க்கு 210 பாகை அளவு வேண்டும். கிணற்றடியில் பெற்றோல் செய்த வேலையை இங்கே ஈதர் செய்தது என்று பொதுவாகக் கூறலாம். வேறுபாடு யாதெனில், இறைப்பு இயந்திரத்திற் பெற்றோல் முன்னே சென்று வழிவிட்டது. மாதிரி எஞ்சினில் ஈதர் இறுதிவரை உடன் சென்றது.

இவ்வெஞ்சினை எழுப்புவது ஒரு கலை. தலைப்பிலுள்ள திருகைத் திருப்பி நெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். ஊசித் திருகினால் எரிபொருளை அளக்க வேண்டும். பின்பு சுழலியை விரலால் சட்டென்று தட்ட வேண்டும். நெருக்கம் மிஞ்சினால் சுழலி திருப்பி அடித்து விரலைப் பதம் பார்க்கும். விமானத்தின் உடலுக்கும் அதே பொறுமை தேவை. இலேசான போல்சா மரச்சட்டத்தின்மேல் மெல்லிய தாளை ஒட்டி, டோப் என்னும் பூச்சினைத் தடவினால் அது உலரும்போது தாள் இழுபட்டு மத்தளத்தோல் போல இறுகும். பூச்சிலே கஞ்சத்தனம் செய்தவர் பின்னர் வருந்துவர். புகையோடு வெளிவரும் ஆமணக்கெண்ணெய் மரத்துள் ஊறி, வாரத்துக்கு வாரம் விமானத்தைக் கனக்கச் செய்துவிடும். 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் பிளாற்றினக் கம்பி ஒளிரும் செருகியை அறிமுகப்படுத்திய பின்னர், மெதனோலில் ஓடும் எஞ்சின்கள் பரவின. டீசல் மாதிரிகளைக் கைவிடாதோர் இன்றும் உளர்.

யாழ்ப்பாணத்துச் சிறுவர்களுக்கு இத்தகைய எஞ்சின் எட்டாப் பொருள். 1947இல் எயர் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியபோது, சுன்னாகத்துப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால் அவர்கள் கையால் செய்து பறக்கவிட்டது பட்டமே. மூங்கிலைச் சீவி, மெல்லிய தாளை ஒட்டி, முச்சை கட்டி, விண் பூட்டி இரவெல்லாம் கூவவிடும் கலையில் அவர்கள் எவருக்கும் பின்னிற்கவில்லை. எஞ்சினைப் பழகும் வாய்ப்பு அவர்களுக்குக் கிணற்றடியிலேயே கிடைத்தது. தகப்பனாருக்குப் பெற்றோல் போத்தலை எடுத்துக் கொடுத்தவன், எந்த நேரத்தில் குழாயைத் திருப்ப வேண்டும் என்பதை ஓசையைக் கேட்டே அறிந்துகொண்டான்.

அந்த அறிவு வேறொரு காலத்தில் பயன்பட்டது. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது, மின்சாரம் அற்றது. சுன்னாகத்தில் மின்னிலையம் இருந்தும் சுன்னாகம் இருளில் கிடந்தது. அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி முதலியவை அடங்கின. மண்ணெண்ணெய் மட்டும் குறைந்த அளவில், கூடிய விலைக்கு வந்தது. அப்பொழுது குடாநாட்டின் மோட்டார் வண்டிகளும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சிறு போத்தலில் அருமருந்துபோல வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெளியூரார் இதனைப் புதுமை என்று வியந்தனர். கிணற்றடியை அறிந்தவருக்கு இதிற் புதுமை சிறிதே. நாற்பது ஆண்டுகளாக இறைப்பு இயந்திரத்தில் செய்து வந்ததை இப்பொழுது தெருவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதே பொருத்தமாகும்.

எல்லா வண்டிகளும் இதற்கு இசையவில்லை. மண்ணெண்ணெய் மிகுந்த நெருக்கத்தைத் தாங்காது; உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினை உலுக்கும். ஆகவே நெருக்கல் விகிதம் கூடிய பிற்கால யப்பானிய வண்டிகளைவிட, அவ்விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் நின்ற பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகளே நன்றாக ஓடின. பிற இடங்களில் பழைய இரும்புக்குப் போயிருக்கக்கூடிய வண்டிகள் இங்கே மணமக்களையும் நோயாளரையும் சுமந்தன. அதற்குரிய விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. அவ்வெண்ணெயும் தட்டுப்பாடான பொருளே. தெருவெல்லாம் கரும்புகையும் மண்ணெண்ணெய் நாற்றமும் நிறைந்தன.

இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. விளக்குக்கும் அதே மண்ணெண்ணெய். வெங்காயப் பாத்திக்கும் அதே மண்ணெண்ணெய். வைத்தியசாலைக்குச் செல்லும் வண்டிக்கும் அதே மண்ணெண்ணெய். கிடைத்த ஒரு போத்தலை எதற்குச் செலவிடுவது என்பது வீட்டுக்கு வீடு நாள்தோறும் தீர்க்க வேண்டிய வழக்காயிற்று. பிள்ளை படிப்பதற்கு ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டுத் துளித்துளியாக எரித்தார்கள். அந்நாள்களைத் தன்னூர் மக்களின் கெட்டித்தனத்துக்குச் சான்றாக மாத்திரம் பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வானொலி கேட்போர் அறிய வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. பற்றரி இல்லாத அக்காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, 6 வோல்ற்று 3 வாற்று டைனமோ தந்த மின்னைக் கொண்டு வானொலியைப் பாடவைத்தார்கள். சுழற்றுபவர் களைத்தால் செய்தியும் தேய்ந்துபோகும். உடனே அடுத்தவர் கைகொடுப்பார். உலகம் தங்களைப் பற்றி என்ன கூறுகின்றது என்பதை அறிய, முற்றத்தில் ஒரு கூட்டம் மூச்சடக்கி நின்றது.

1995 ஒற்றோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுமையாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது சுன்னாகமும் வெறுமையாயிற்று. 1996 ஏப்ரிலில் தொடங்கி அவர்கள் திரும்பினர். எரிபொருள் தட்டுப்பாடு படிப்படியாகவே தளர்ந்தது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் கண்டி வீதி திறந்தபோது பெற்றோல் தாராளமாக வந்தது. 2006இல் அவ்வீதி மூடப்பட்டு, போர் முடிந்த 2009இல் மறுபடியும் திறந்தது. காபுரேற்றரோடு தொங்கிய சிறு போத்தல்கள் காணாமற்போயின. தோட்டங்கள் பலவற்றில் மின்சார இறைப்பு இயந்திரம் வந்தது. ஆயினும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் முற்றாக நீங்கவில்லை.

2022இல் இலங்கை அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது அவ்வியந்திரங்கள் நின்றன. முன்னர் பெற்றோலின் இடத்தில் நின்று காத்த மண்ணெண்ணெயே இம்முறை கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ற்று மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. கொள்கலன்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களுட் கடற்றொழிலாளரும் இருந்தனர்; வெங்காயப் பாத்தி காய்வதைக் கண்டு வந்த கமக்காரரும் இருந்தனர்.