சுருள்பாசி: இரத்தக் கொழுப்பும் ஈரலும்

சுருள்பாசி என்பது காரம் மிகுந்த வெப்பநாட்டு ஏரிகளில் தானே விளைவதும், இக்காலத்தில் தொட்டிகளில் பயிரிடப்பட்டுப் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கப்படுவதுமான ஒரு நுண்ணுயிர். வழக்கில் பாசி என்றாலும் விஞ்ஞானிகள் இதனைப் பாக்டீரிய வர்க்கத்திலேயே சேர்க்கின்றனர். கடைக்காரர் ஸ்பைருலினா என்பதற்குச் சாஸ்திர நாமம் ஆர்த்ரோஸ்பைரா. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரையில் வாழும் கானெம் மக்கள் இதை வடித்து உலர்த்தி, 'திஹே' என்னும் அடையாக்கி, குழம்பிலிட்டு உண்பர். உலர்ந்த பாசியின் எடையில் ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதம் புரதம்.

 சுருள்பாசியும் அடங்கிய நீலப்பச்சைப் பாசிகளைச் சேகரித்துப் பேணும் தேசிய நிலையம், டில்லிவாசிகள் பூசா என்றே அழைக்கும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை நெல்வயலுக்கு ஈட்டித்தரும் பாசிகளே இவ்வாராய்ச்சியில் நெடுங்காலம் முதன்மை பெற்றவை. அந்தச் சாமர்த்தியம் சுருள்பாசிக்கு இல்லை. அதன் கௌரவமெல்லாம் ஆகாரம் என்பதனாலேயே வந்தது. தமிழ்நாட்டில் சி. வி. சேஷாத்ரியின் தலைமையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தார் இதைக் கிராமங்களில் வளர்த்துக் குழந்தைகளுக்கு ஊட்டிப் பார்த்ததும் அக்கருத்திலேயே.

இரத்தக் கொழுப்பைக் குறித்த இந்தியப் பரிசோதனைகளுள் குறிப்பிடத்தக்கது, பரோடாவில் நடந்து 2001இல் வெளியானது. நீரிழிவு உற்ற 25 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு நாள்தோறும் 2 கிராம் வீதம் இரண்டு மாதம் கொடுத்ததில், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு கணிசமாகக் குறைந்தது. கொலஸ்டிராலும் அதன் தீய பகுதியான எல்.டி.எல்.லும் இறங்கின, நல்ல பகுதி சிறிதே ஏறியது. கிரீட் தீவில் 52 பேர் 1 கிராம் வீதம் 12 வாரம் உண்டபோது டிரைகிளிசரைடு 16.3 சதவீதமும் எல்.டி.எல். 10.1 சதவீதமும் தாழ்ந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பாசி உண்ணாத ஒரு குழு அங்கே இல்லை. இதன் காரணத்தை ஜப்பானியர் எலிகளிடம் ஆராய்ந்தனர். பாசிக்கு நீலநிறம் தரும் ஃபைகோசயனின் என்னும் புரதம் குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொள்கிறது. அவை மலத்தோடு கழியவே, ஈரல் புதிய பித்தம் சமைக்க இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம்.

ஈரலைப் பற்றிய சான்றோ மிக மெலிந்தது. மது அருந்தாதவர்க்கும் ஈரலில் கொழுப்புப் படியும் வியாதி பெருகியதனால், மத்திய அரசு 2021இல் அதனைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.  அத்தகைய நோயாளிகள் 15 பேர் கிரீட்டில் ஆறு மாதம் தினம் 6 கிராம் உண்டதில், ஈரல் பழுதைக் காட்டும் நொதிகள் சில மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன என்பது பலரும் மேற்கோள் காட்டும் செய்தி. அவர்களுடைய உடல் எடையும் 8 சதவீதம் குறைந்ததைச் சொல்வோர் சிலரே. எடை அவ்வளவு குறைந்தாலே ஈரல் கொழுப்புக் கரையும் என்பது வைத்தியர் அனைவரும் அறிந்ததாகலின், பாசிக்குரிய பங்கு எவ்வளவு என்று அந்தச் சோதனையால் பிரித்துக் காட்ட இயலாது.

எதிர்ச் செய்தியும் உண்டு. ஜப்பானில் ஒருவருக்குப் பாசி உண்ணத் தொடங்கிய ஐந்து வாரத்தில் ஈரல் பழுதுற்றதாக 2002இல் அறிவிக்கப்பட்டது. அவர் வேறு மருந்துகளும் உட்கொண்டவராதலால் குற்றவாளி எது என்று தீர்ப்பது கடினம். இதனினும் மெய்யான அபாயம் கலப்படத்தில் இருக்கிறது. சுத்தமற்ற நீரில் உடன் வளரும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் வேறொரு பாசி ஈரலைக் கொல்லும் விஷத்தைச் சுரப்பது. நீலப்பச்சைப் பாசி உணவுகளில் அவ்விஷம் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாதென்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 1997இல் வரம்பு கட்டியது. ஈரலைக் காக்கும் என்று வாங்குகிற பண்டம், விளைந்த தொட்டியின் தூய்மை கெட்டால் ஈரலுக்கே பகையாகும். டாக்டர் எழுதிக்கொடுத்த கொலஸ்டிரால் மாத்திரையை நிறுத்திவிட்டு இதனைப் பற்றிக்கொள்வதற்கு மேற்கண்ட சோதனைகள் எவையும் ஆதாரமாகா.

டில்லியில் தலைமையகம் கொண்ட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் பிறப்பித்த விதிகளின்படி, இவ்வகைப் பண்டங்களின் புட்டி மீது 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று' என்ற வாசகம் பொறிக்கப்பட வேண்டும்.